வாசல் சீட்டு

போன மாதம் சுமித்ரா தன் கையிலிருந்த போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். போர்ட் பிளேரில் இருந்து சென்னை ஆகாய வழியில் ஆயிரத்து முந்நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர், பறக்கும் நேரம் இரண்டு மணி பத்து நிமிடம் என்று அதில் போட்டிருந்ததைப் படித்துக் காட்டினாள்.

"தேக்கோ ஆன்ட்டி, சிர்ஃப் தோ கண்டா. வெறும் ரெண்டு மணி நேரம். இதுக்கா உங்க முதலாளி நோட்டு நோட்டா எழுதி வச்சாரு?"

சுமித்ரா வங்காளிப் பெண். எங்கள் போர்ட் பிளேர் அபர்டீன் பஜாரிலேயே வளர்ந்ததால் இந்தியும் தமிழும் கலந்து பேசுவாள். நான் முப்பது வருடத்துக்கு மேல் பெருக்கித் துடைத்த டிக்கெட் ஆபீஸ் இருந்த இடத்தில்தான் இப்போது அவளுடைய ஆன்லைன் டிக்கெட் கடை இருக்கிறது. ரேஷன் வாங்க வரும்போது அங்கே கொஞ்சம் உட்காருவேன். பஜாரில் பொங்கலுக்கு மலர் புத்தகம் போடுகிறவர்களிடம் என் பெயரைச் சொன்னதும் அவள்தான். பழைய டிக்கெட் ஆபீஸைப் பற்றி நாலு பக்கம் வேண்டும் என்று கேட்டார்கள். ஆட்கள் முகத்தைப் பார்த்தால் எனக்கு வார்த்தை வராது. காகிதம் என்னைப் பார்ப்பதில்லை என்பதால் ஒத்துக்கொண்டேன். அவர்கள் எதிர்பார்த்தது இது இல்லை என்பது எனக்குத் தெரியும்.

நான் இலங்கையில் அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்தவள். அங்கிருந்து எங்களைக் கப்பலேற்றி, கடைசியில் கச்சால் தீவில் ரப்பர் தோட்டத்தில் கொண்டுவந்து விட்டார்கள். கல்யாணமாகி போர்ட் பிளேர் வந்தேன். கப்பல்துறை ஜெட்டியில் மூட்டை தூக்கிய என் வீட்டுக்காரர் சீக்கிரமே போய்ச் சேர்ந்தார். அதன்பிறகு இந்த ஆபீஸில் சேர்ந்தேன். பெருக்குவது, டீ போடுவது, கப்பல் டிக்கெட் கொடுக்கும் நாளில் விடிவதற்கு முன்னால் போய் வரிசையில் நிற்பது, இவைதான் என் வேலை. வரிசையில் நிற்பதை மட்டும் நான் நன்றாகச் செய்தேன். அதற்குப் பேச வேண்டியதில்லை.

முதலாளி பெயர் மாணிக்கம். சிவகங்கைப் பக்கத்துக்காரர். முன்பு கப்பலில் கிளார்க்காக இருந்தவர். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. சட்டைப்பையில் நீலம் ஒன்று, சிவப்பு ஒன்று என இரண்டு பேனா வைத்திருப்பார். யாராவது வந்து, "மெட்ராசுக்கு எவ்வளவு நேரங்க?" என்று கேட்டால் உடனே பதில் சொல்ல மாட்டார். பெஞ்சைக் காட்டி உட்காரச் சொல்வார். நோட்டைத் திறப்பார். கார்பன் தாளை இரண்டு பக்கத்துக்கும் நடுவில் வைத்து, கையால் ஒருமுறை நீவிவிடுவார். அப்புறம்தான் கேட்பார்.

"எந்த வாசல்ல இருந்து எந்த வாசலுக்கு?"

வந்தவர்கள் முழிப்பார்கள். "போர்ட் பிளேர்ல இருந்து மெட்ராஸ்தான் சார்" என்பார்கள்.

"போர்ட் பிளேர்ல விமானம்தான் நிக்கும். நீங்க எங்க நிக்கிறீங்க? திக்லிபூரா, மாயாபந்தரா? அங்க போயி மெட்ராஸ் ஏர்போர்ட்லயே குடித்தனம் பண்ணப் போறீங்களா?"

அவர்கள் சிரிக்க ஆரம்பிக்கும்போது அவர் எழுத ஆரம்பிப்பார். மாயாபந்தர் வாசலில் இருந்து பஸ். காடம்தலாவில் வண்டியோடு படகு. பாராடாங்கில் இறங்கி மறுபடி படகு. அதைத் தாண்டினால் ஜாரவா ஆதிவாசிகள் இருக்கும் காடு. அதற்குள் யாரும் தனி வண்டியில் போகக் கூடாது, போலீஸ் துணையோடு எல்லா வண்டியும் வரிசையாகத்தான் போகவேண்டும். அதற்கென்று நேரம் உண்டு, தப்பினால் அடுத்த வரிசை வரை கேட்டில் கிடக்க வேண்டியதுதான். இதெல்லாம் கடந்து போர்ட் பிளேர் வந்து சேர்ந்தால் அன்றைய விமானங்கள் போய்விட்டிருக்கும். மறுநாள்தான். அதுவும் மழை மூடினால் அதற்கும் மறுநாள். அந்தப் பக்கம் சென்னையில் இறங்கி, பெட்டி வந்து, பஸ் பிடித்து, ஊர் போய், ஊரில் இருந்து நடை. எல்லாவற்றையும் நீலத்தில் எழுதிவிட்டு, கடைசியில் சிவப்புப் பேனாவை எடுத்து ஒரே ஒரு வரி போடுவார். "வியாழக்கிழமை மத்தியானத்துக்கு மேல்." அதற்குக் கீழே இரண்டு கோடு.

அவர் சீட்டில் மணி இருக்காது. கிழமைதான் இருக்கும்.

எழுதியதை அவர்களையே வாய்விட்டுப் படிக்கச் சொல்வார். படிக்கத் தெரியாதவர்களுக்குத் தானே படித்து, திருப்பிச் சொல்ல வைப்பார். பின்பக்கத்தில் ஆபீஸ் போன் நம்பர் முத்திரை. கார்பன் பிரதியில் இரண்டு வாசலின் போன் நம்பரையும் குறித்துக்கொள்வார். பஜாரில் எல்லாரும் அதற்கு வாசல் சீட்டு என்று பெயர் வைத்துக் கேலி பண்ணினார்கள். எதிர்க்கடை பாத்திரக்காரர், "என்ன மாணிக்கம், வாசலுக்குக் கோலம் போட்டாச்சா?" என்பார். முதலாளி பேனாவை மூடியபடியே, "உங்க கடை வாசல்லயும் ஒண்ணு போடவா, ஆள் வர வழி தெரியட்டும்" என்பார்.

சேர்ந்த புதிதில் ஒரு தப்புப் பண்ணினேன். யாரோ போனில் கப்பல் எப்போது என்று கேட்டார்கள். சாயங்காலம் என்று சொல்லிவிட்டேன். காற்று காரணமாக மறுநாளைக்குத் தள்ளியிருந்தது. ஒரு குடும்பமே மூட்டை முடிச்சோடு ஜெட்டியில் உட்கார்ந்திருந்தது. முதலாளி திட்டவில்லை. "லெச்சுமி, இனி போன் எடுக்காத. தப்பித்தவறி எடுத்தாலும் மணி சொல்லாத. மணி கேட்டா கிழமையைச் சொல்லு" என்றார். அன்றிலிருந்து போன் அடித்தால் நான் வாசலுக்குப் போய் நின்றுகொள்வேன்.

சுனாமி வந்த பிறகு அந்தப் பெஞ்சில் உட்கார இடம் இருக்காது. மெயின்லேண்டுக்குப் போகிறவர்கள், மெயின்லேண்டில் இருந்து தேடி வருகிறவர்கள். கச்சாலில் இருந்த என் தம்பி, அவன் சம்சாரம், அவர்களுடைய சின்னப்பிள்ளை மூன்று பேரும் போய்விட்டார்கள். ஒருத்தர் முகமும் கிடைக்கவில்லை. நான் மூன்றாம் நாளே வேலைக்குப் போனேன். வீட்டில் இருந்து என்ன செய்ய.

அந்த வாரத்தில் எங்கள் தோட்டத்து மாரியப்பண்ணன் முகாமில் இருந்து வந்தார். யாரோ கொடுத்த சட்டை, தோளைவிட்டு இறங்கியிருந்தது. அவருக்குத் தஞ்சாவூர் பக்கம் போக வேண்டும். முதலாளி வழக்கம்போல கார்பனை நீவி, "எந்த வாசல்ல இருந்து எந்த வாசலுக்கு?" என்று கேட்டுவிட்டார்.

"இந்தப் பக்கம் வாசலும் இல்ல, நிலையும் இல்லிங்க" என்றார் மாரியப்பண்ணன். "அந்தப் பக்கம் எங்க தாத்தா ஊருன்னு பேரு மட்டும் தெரியும்."

முதலாளி பேனாவை மூடினார். மறுபடி திறந்து, முதல் வரியில் 'முகாம்' என்று எழுதினார். கடைசி வரியில் கிழமை போட்டுவிட்டு, நடுவில் எதையும் எழுதாமல் கொடுத்தார். மாரியப்பண்ணன் அந்தச் சீட்டை வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்து, "தம்பி முகத்தப் பாத்தியா ஆத்தா?" என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். "நானும் யாரு முகத்தயும் பாக்கல" என்றார்.

இதை எதற்கு எழுதுகிறேன் என்றால், முகம் பார்க்காமல் போவது என்றால் என்ன என்று தெரியாத ஆள் இல்லை நான். தெரிந்தவள்.

சுனாமிக்கு அப்புறம் ஐந்தாவது வருடமோ ஆறாவது வருடமோ, எனக்குச் சரியாக நினைவில்லை. மாயாபந்தரில் கமலத்தம்மா என்று ஒருவர். அங்கன்வாடியில் சமைக்கிறவர். வீட்டுக்காரர் இல்லை. தேவி என்று ஒரே மகள். அந்தப் பெண்ணைச் செங்கல்பட்டுக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் கொடுத்திருந்தார். கல்யாணத்துக்கு, வளைகாப்புக்கு, பேரன் பிறந்ததற்கு என்று மூன்று தடவை எங்கள் ஆபீஸில் சீட்டு எழுதி வாங்கிப் போனவர். மற்றவர்கள் மாதிரி இல்லை, என் கையிலிருந்து டீ டம்ளரை வாங்கும்போது, "உக்காரு லெச்சுமி, நீயும் ஒரு மனுசிதான" என்பார். நான் உட்கார மாட்டேன்.

அன்று காலை எட்டு மணிக்கு ஆபீஸைத் திறந்ததும் மாயாபந்தரில் இருந்து அவர் போன் பண்ணினார். முதலாளிதான் எடுத்தார். தேவிக்கு மஞ்சள்காமாலை முற்றி, செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் விடிகாலையில் உயிர் போய்விட்டது. சேதி இப்போதுதான் கிடைத்ததாம், உடனே வண்டி ஏறப் போகிறாராம்.

"நீங்க கிளம்புங்கம்மா. நாளைக்குக் காலம்பற விமானத்துல உங்கள ஏத்துறது என் பொறுப்பு" என்றார் முதலாளி. போனை வைத்துவிட்டு, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு வெளியே போனார். அது சீசன். விமானத்தில் இடம் எதுவும் இல்லை. யாராவது விட்டுக்கொடுக்கிறார்களா என்று ஏர்போர்ட்டில் போய் நிற்கத்தான் போனார்.

ஒன்பதரை இருக்கும். போன் அடித்தது. நான் வாசலுக்குப் போனேன். நின்றது. மறுபடி அடித்தது. மறுபடி. கமலத்தம்மா வழியில் எங்கேயாவது மாட்டிக்கொண்டு கூப்பிடுகிறாரோ என்று நினைத்தேன். எடுத்துவிட்டேன்.

"அந்தமான் டிக்கெட் ஆபீசா?" ஆண் குரல். பின்னால் நிறைய ஆட்கள் பேசும் சத்தம். கமலத்தம்மா கொண்டுபோன பழைய வாசல் சீட்டின் பின்பக்கம் பார்த்துத்தான் நம்பரை எடுத்திருக்க வேண்டும்.

"ஆமாங்க."

"தேவியோட பெரிய மாமனார் பேசுறேன். எங்க சம்பந்தியம்மா, மாயாபந்தர் கமலத்தம்மா, கிளம்பிட்டாங்களா?"

"கிளம்பிட்டாங்கய்யா."

"பிளைட்டு வர எவ்ளோ நேரம்மா ஆகும்?"

"ரெண்டு மணி நேரங்க."

"அவ்ளோதானா? சரி, அப்ப இப்பவே ஆஸ்பத்திரியில கையெழுத்துப் போட்டு வீட்டுக்கு எடுத்தாந்துர்றோம். அவங்க கோடிச்சேலை போட்டதும் எடுத்துடலாம். வச்சிர்றேன்மா."

வைத்துவிட்டார். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. கேட்டதற்கெல்லாம் திக்காமல் பதில் சொல்லிவிட்டேன்.

டம்ளர் கழுவும்போதுதான் எனக்கு உறைத்தது. கிளம்பிட்டாங்க என்று நான் சொன்னது மாயாபந்தரில் இருந்து. ரெண்டு மணி நேரம் என்று நான் சொன்னது போர்ட் பிளேரில் இருந்து. இரண்டையும் சேர்த்து அந்த மனிதர் என்ன கணக்குப் போட்டிருப்பார். மத்தியானத்துக்குள் வந்துவிடுவார் என்று போட்டிருப்பார். அந்த நேரத்துக்குக் கமலத்தம்மா காடம்தலா படகைக்கூடத் தாண்டியிருக்க மாட்டார். நான் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் மெட்ராஸ் ரெண்டு மணி நேரம் என்றுதான் சொல்வார்கள். அது எங்களுக்குத் தூரத்துக்குச் சொல்லும் பேர். வந்து சேரும் நேரம் இல்லை என்று இங்கே சின்னப்பிள்ளைக்கும் தெரியும். அங்கே இருப்பவர்களுக்கு எப்படித் தெரியும்.

நோட்டைப் புரட்டினேன். கார்பன் நீலத்தில் அந்த வீட்டு நம்பர் இருந்தது. ஆபீஸ் போனில் வெளியூர் பேசுவதற்கு ஒரு பூட்டு எண் உண்டு. அது முதலாளிக்குத்தான் தெரியும். நம்பரை ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொண்டு இரண்டு கடை தள்ளி இருந்த பூத்துக்குப் போனேன். மூன்று ஆண்கள் காத்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவர், "க்யா சாஹியே?" என்றார், என்ன வேண்டும் என்று. ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தேன். அவ்வளவுதான் நான் செய்தது.

பதினொன்றரைக்கு முதலாளி வந்தார். சட்டையெல்லாம் நனைந்திருந்தது. முகம் மட்டும் தெளிவாக இருந்தது. யாரோ ஒருத்தர் விமானத்தில் தன் இடத்தை விட்டுக்கொடுத்துவிட்டாராம்.

"போன் ஏதும் வந்துச்சா லெச்சுமி?"

"இல்லைங்க" என்றேன்.

போன் எடுக்காதே என்று சொன்னவரிடம், எடுத்தேன் என்று எப்படிச் சொல்வது. அந்த ஒரு நொடியில் எனக்கு அது ஒன்றுதான் தோன்றியது. ஒரு மனுஷி தன் மகளைப் பார்ப்பது தோன்றவில்லை. என்மேல் கோபப்படாத மனிதர் முகம் சுண்டிவிடுமே என்பது தோன்றியது.

அவர் கமலத்தம்மாவின் சம்பந்தி வீட்டுக்குப் போன் போட்டுப் பார்த்தார். மெயின்லேண்டுக்கு லைன் கிடைப்பது அந்நாளில் அவ்வளவு சுலபமில்லை. நாலைந்து தடவை போட்டார். "நம்ம ஆபீசுக்கு அவங்க கூப்பிடலன்னா, இந்தம்மாவே அங்க பேசிடுச்சுன்னு அர்த்தம். இல்லாட்டி இதுக்குள்ள பத்து தடவ அடிச்சிருப்பாங்க" என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டார். நான் கேட்டுக்கொண்டு நின்றேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு என்னைக் கூப்பிட்டார். "பொறந்த வீட்டுக் கோடி போடாம அங்க பொணத்த எடுக்க மாட்டாங்க. அந்தம்மா வந்து சேரும்போது கடையெல்லாம் சாத்திடுவான். நீ போய் ஒரு நல்ல சேலையா எடுத்தாந்து வை."

போனேன். கடைக்காரப் பையன் சேலைகளை விரித்துப் போட்டு, "கல்யாணத்துக்காம்மா?" என்றான். தலையாட்டி வைத்தேன். அரக்குச் சிவப்பில் ஒன்றை எடுத்தேன். வளைகாப்புக்குப் போனபோது கமலத்தம்மா காட்டிய போட்டோவில் அந்தப் பெண் அந்த நிறம்தான் கட்டியிருந்தாள். திரும்பி வரும் வழியில், படி ஏறியதும் சொல்லிவிட வேண்டும் என்று மனதுக்குள் வார்த்தையைக் கட்டிக்கொண்டு வந்தேன். படி ஏறினேன். முதலாளி, "நல்லாயிருக்கு" என்றார். நான் சேலையை மேசைமேல் வைத்துவிட்டு விளக்குமாற்றை எடுத்துக்கொண்டேன்.

கமலத்தம்மா ஆறு மணிக்கு வந்தார். எங்கள் தீவில் ஐந்தரைக்கே இருட்டிவிடும். விளக்குப் போட்டிருந்தோம். பாராடாங்கில் படகுக்கு ஒன்றரை மணி நேரம் நின்றாராம். போன் சிக்னல் எங்கேயும் கிடைக்கவில்லையாம். வந்ததும் தண்ணீர்கூடக் குடிக்காமல், "ஒரு போன் போட்டுக் குடுங்க. நாளைக்கு வந்துர்றேன்னு சொல்லிடுறேன்" என்றார். முதலாளி போட்டார். அப்போது பார்த்து லைன் உடனே கிடைத்தது.

பெரிய மாமனார் பேசியது பெஞ்சு வரை கேட்டது. "என்னம்மா இப்படிப் பண்ணிட்டீங்க. ரெண்டு மணி நேரத்துல வர்றீங்கன்னுதான ஆஸ்பத்திரியில இருந்து கொண்டாந்தோம். நாளைக்குன்னா அங்கயே ஐஸ் ரூம்ல விட்டிருப்போமே. உடம்பு தாங்கல. பொழுது சாயிற வரைக்கும் வச்சிருந்து பாத்தோம். இப்பத்தான், கால் மணி நேரம் ஆகுது, எடுத்துட்டுப் போறாங்க."

அங்கே அப்போது இன்னும் வெளிச்சம் இருந்திருக்கும்.

"யாரு சொன்னா ரெண்டு மணி நேரம்னு?" என்றார் கமலத்தம்மா. குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "நான் காலையில இருந்து வண்டியிலயும் படகுலயும் கெடக்கேன். யாரு சொன்னா?"

"உங்க டிக்கெட் ஆபீசுலதான். ஒரு பொம்பள."

கமலத்தம்மா போனைக் கையில் வைத்துக்கொண்டே முதலாளியைப் பார்த்தார். முதலாளி எழுந்து நின்றுவிட்டார்.

"இங்க போனே வரலம்மா. நான் இத்தன வருசத்துல ஒருத்தருக்கும் மணி சொன்னதில்ல, உங்களுக்குத் தெரியும். லெச்சுமி போன் எடுக்கறதே இல்ல. அவங்க பொய் சொல்றாங்க."

அந்த மனிதர் வாயில் இருந்து அப்படி ஒரு பேச்சு வந்ததற்கு நான்தான் காரணம். அவருக்குத் தெரிந்து அவர் பொய் சொல்லவில்லை. கமலத்தம்மா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என்மேல் சந்தேகப்பட அவருக்கு ஒன்றும் இல்லை.

"அப்ப நான் பாத்துடக் கூடாதுன்னுதான் எடுத்திருக்காங்க" என்றார். போனை வைத்தார். "எம்புள்ளைய என்ன பண்ணி வச்சிருந்தாங்களோ."

நான் டீ டம்ளரோடு அங்கேயே நின்றேன். கை சுட்டது தெரிந்தது. கீழே வைக்கத் தோன்றவில்லை.

மறுநாள் காலை விமானத்தில் அவர் போனார். முதலாளி சீட்டு எழுதினார். கடைசி வரியில் சிவப்புப் பேனாவை வைத்து, எதுவும் எழுதாமல் எடுத்துவிட்டார். எந்தக் கிழமை போனால் என்ன.

ஆறாம் நாள் கமலத்தம்மா திரும்பி வந்து, மாயாபந்தர் வண்டிக்காக எங்கள் பெஞ்சில் உட்கார்ந்தார். பெரிய சண்டை. மகளுக்கு என்ன ஆனது என்று போலீஸில் எழுதிக் கொடுப்பேன் என்று இவர் சொல்ல, இனி பேரன் பக்கம் வராதே என்று அவர்கள் சொல்ல, ஒன்றரை வயதுப் பிள்ளையை இவர் இடுப்பில் இருந்து பிடுங்கிக்கொண்டார்களாம்.

"இன்னமும் அதையே சாதிக்கிறான் அந்தப் பெரிய மனுசன். ஆபீசுல இருந்து ஒரு பொம்பள சொன்னாளாம். ஆபீசுல ஏது பொம்பள? இந்த லெச்சுமியா? இவ வாயத் தொறந்து ஒரு வார்த்த பேசி நான் பாத்ததில்ல. இந்தப் பச்ச மண்ணு மேல பழி போடுறான் பாருங்க."

முதலாளி அப்போது என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் நீலப் பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்தார். பிறகு சிவப்பையும் மூடி வைத்தார். அவர் ஒன்றும் கேட்கவில்லை. அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா என்று எனக்கே தெரியாது. ஆனால் அதற்குப் பிறகு அவர் வாசல் சீட்டு எழுதுவதைக் குறைத்துக்கொண்டார். எவ்வளவு நேரம் என்று கேட்கிறவர்களிடம் டிக்கெட்டைத் திருப்பிக் காட்டி, "இதுல போட்டிருக்கு பாருங்க" என்று சொல்ல ஆரம்பித்தார். இரண்டு வருடத்தில் உடம்புக்கு முடியாமல் ஆபீஸை விட்டுவிட்டு ஊருக்குப் போனார். அங்கேயே போய்ச் சேர்ந்தார் என்று கேள்விப்பட்டேன்.

அன்று கமலத்தம்மா எழுந்து போகும்போது, கொண்டுபோன அந்தச் சேலையைப் பெஞ்சிலேயே வைத்தார். மடிப்புக் கலையவில்லை. "இதக் கட்டவும் முடியாது, வீட்டுல வச்சிருக்கவும் முடியாது. யாருக்காவது குடுத்துரு" என்றார். யாருக்குக் கொடுப்பது. என் டிரங்குப் பெட்டியில் அடியில் இருக்கிறது. நம்பர் எழுதிய துண்டுத் தாளும் அதற்குள்தான் இருக்கிறது. வேலையை விட்ட பிறகு ஒருநாள் சுமித்ராவிடம் சொல்லி அந்த நம்பருக்குப் போடச் சொன்னேன். அப்படி ஒரு நம்பர் இப்போது இல்லை என்று பதிவுக் குரல் வந்தது. மாயாபந்தருக்காவது போயிருக்கலாம். விடிகாலை பஸ் ஏறினால் சாயங்காலம் அந்த வாசலில் நிற்கலாம். இத்தனை வருடத்தில் நான் பஸ் ஸ்டாண்டு வரைகூடப் போகவில்லை.

அந்தப் போனை எடுத்த பொம்பளை நான்தான். தேவியின் பெரிய மாமனார் பொய் சொல்லவில்லை. அந்தப் பிள்ளைக்கு இப்போது எழுத்துக் கூட்டிப் படிக்கிற வயது இருக்கும். இந்த மலர் செங்கல்பட்டு வரை போகாது என்பது எனக்குத் தெரியும்.

சுமித்ரா போனைக் காட்டிச் சிரித்தாளே, அன்றைக்கு அந்தக் கடையில் இன்னொருவரும் இருந்தார். மாயாபந்தரில் மீன்கடை வைத்திருக்கிற முருகேசன். டிக்கெட்டுக்கு வந்திருந்தார். நான் மெதுவாகக் கமலத்தம்மாவைப் பற்றி விசாரித்தேன்.

"கமலத்தம்மாவா? அது செத்து ரெண்டு மாசம் ஆச்சேக்கா" என்றார். "நாங்க தெருக்காரங்கதான் எல்லாம் செஞ்சோம். நெய்ப்பந்தம் பிடிக்கப் பேரன் இல்லாம, எம்பையன் கையில குடுத்துப் பிடிக்க வச்சோம்."

"பேரனுக்குச் சொல்லி அனுப்பலையா?" என்றேன்.

"யாருகிட்ட நம்பர் இருக்கு? அவங்கதான் ஒறவ அறுத்துட்டுப் போனவங்களாச்சே. கெழவி கடைசி வரைக்கும் அந்தப் பய போட்டோவத் தலமாட்டுலயே வச்சிருந்துச்சு. இருந்து என்ன? பாசம் இருந்தா எப்பவோ வந்து பாத்திருப்பாங்க. என்ன பெரிய தூரம், இந்தப் பொண்ணு இப்பக் காட்டுதே போன்ல. நீங்களும் இதே எடத்துலதான வேல பாத்தீங்க, நீங்களே சொல்லுங்கக்கா. மெட்ராஸ் ரெண்டு மணி நேரந்தான?"

சுமித்ராவும் என்னைப் பார்த்தாள்.

"ஆமா" என்றேன். "ரெண்டு மணி நேரந்தான்."